பூங்காப் பலகையில் பறங்கியர் கதை

கேள்வி: மட்டக்களப்பு வாவிக்கரைப் பூங்காவில் பறங்கியர் (போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்தோர்), கரையோர வேடர் (பழங்குடியினர்) வரலாற்றைச் சொல்ல வைத்த பதாகை ஒரே மாரியில் கிழிந்துவிட்டது. நிலைத்து நிற்க என்ன செய்யலாம்?

பதில்: பதாகை வேண்டாம். 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு போடுங்கள். அதை இரும்பு ஆணியால் பூட்டினால், உப்புக்காற்றில் ஆணித்துளையைச் சுற்றித்தான் முதலில் அரிக்கும். துருப்பிடிக்காத உருக்கு ஆணியும் இடையில் நைலோன் வளையமும் தேவை. கீழ்விளிம்பு 80 சென்ரிமீட்டர் உயரத்தில், சாய்வாக இருந்தால் சிறுவரும் சக்கர நாற்காலியில் வருவோரும் வாசிப்பர்.

ஒரு பலகைக்கு 100 சொல் போதும். ஒல்லாந்தர் 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்ததிலிருந்து தொடங்காதீர்கள். அது பலருக்கும் தெரிந்ததே. பறங்கியரின் போர்த்துக்கேயக் கிரியோல் (கலப்புமொழி) பேச்சு, தச்சுவேலை, கொல்லுவேலை இவற்றைத்தான் முதலில் சொல்லவேண்டும். வாகரைப் பக்கத்து வேடர் தங்களை எப்பெயரால் அழைக்க விரும்புகிறார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். அச்சுக்கு முன் வரைவை அந்தந்தச் சமூகப் பெரியவர்களுக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள். தகட்டில் ஏறிய பிழையைத் திருத்த முடியாது.