பழைய ஜீப்ல இண்டிகேட்டர் தகராறு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், அப்பா ஓட்டிட்டிருந்த பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப் இப்ப என்கிட்ட இருக்கு. லெஃப்ட் இண்டிகேட்டர் போட்டா டிக்டிக்டிக்னு ரொம்ப வேகமா அடிக்குது, ரைட் நல்லா இருக்கு. இண்டிகேட்டர மினுக்க வைக்கற ஃபிளாஷர எடுத்துட்டு புது எலக்ட்ரானிக் ஃபிளாஷர் மாத்திப் பாத்துட்டேன், அப்படியேதான் இருக்கு. சேத்துல இறங்கி ஏறிட்டு வந்தா லெஃப்ட் சைடு சில நேரம் சுத்தமா எரியறதே இல்ல. எங்க இருந்து பாக்க ஆரம்பிக்கறது?

பதில்: தம்பி, ரெண்டு பக்கத்துக்கும் ஒரே ஃபிளாஷர்தான் வேலை செய்யுது, ரைட் சரியா அடிக்குதுன்னா ஃபிளாஷர் நல்லா இருக்குன்னு அதுவே சொல்லிடுச்சு, அத மாத்தியிருக்கவே வேணாம். ஒரு பக்கம் மட்டும் கோளாறுன்னா அந்தப் பக்கத்து பல்ப், ஹோல்டர், எர்த் (கரண்ட் பாடி வழியா பேட்டரி மைனஸுக்குத் திரும்பிப் போற வழி), ஒயர், ஸ்டியரிங் கிட்ட இருக்கற சுவிட்ச்ல அந்தப் பக்கத்து காண்டாக்ட், இவ்வளவுதான், இதுக்குள்ளதான் இருக்கும்.

இண்டிகேட்டர் சாதாரணமா நிமிஷத்துக்கு 60ல இருந்து 120 தடவைக்குள்ள மினுக்கணும். 12 வோல்ட் 21 வாட்ஸ் பல்ப் ஒண்ணு 1.75 ஆம்பியர் இழுக்கும், முன்னாடி பின்னாடி ரெண்டும் சேந்தா 3.5 ஆம்பியர். ஒரு பல்ப் போச்சுன்னா லோடு பாதியாயிடும், அத கண்டுபிடிச்சு ஓட்டறவருக்குத் தெரியட்டும்னுதான் எலக்ட்ரானிக் ஃபிளாஷர் வேகமா அடிக்குது. பழைய காலத்து ஃபிளாஷர்ல உள்ள ஒரு உலோகப் பட்டை சூடாகி வளையற டைப், அதுல பல்ப் போனா பெரும்பாலும் ஸ்லோ ஆகும், இல்ல மினுக்காம அப்படியே எரிஞ்சுட்டு நிக்கும்.

அதனால லெஃப்ட் போட்டுட்டு கீழ இறங்கி முன்னாடியும் பின்னாடியும் போய் கண்ணால பாருங்க, எது எரியலையோ, எது மங்கலா எரியுதோ அதுதான் ஆளு. பல்பக் கழட்டி உள்ள இழை அறுந்திருக்கான்னு பாருங்க, 21 வாட்ஸ் இருக்க வேண்டிய இடத்துல யாராவது 10 வாட்ஸ் போட்டு வெச்சிருக்காங்களான்னும் பாருங்க, அதுக்கும் இதே மாதிரிதான் வேகமா அடிக்கும்.

பல்ப் சரின்னா அடுத்து எர்த், உங்க வண்டில எனக்கு சந்தேகமே இதுமேலதான், ஏன்னா சேறு தண்ணி பட்டா மோசமாகுதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. ஹோல்டர்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க, பித்தளைல பச்சைக் களிம்பு ஏறியிருக்கும், அடியில பல்போட மூக்க தாங்கற ஸ்பிரிங் துருப்பிடிச்சு உள்ளயே அமுங்கிக் கெடக்கும். ஒரு நீள ஒயர எடுத்து ஒரு முனைய பேட்டரி மைனஸ்லயும் இன்னொரு முனைய ஹோல்டரோட உலோக உடம்புலயும் தொட்டுப் பாருங்க, உடனே இண்டிகேட்டர் நிதானமா அடிக்க ஆரம்பிச்சா எர்த்துதான்னு முடிவு. மல்டிமீட்டர் இருந்தா இன்னும் நல்லது, டிசி வோல்ட்ல வெச்சு சிவப்ப ஹோல்டர் உடம்புல, கருப்ப பேட்டரி மைனஸ்ல வெச்சு இண்டிகேட்டரப் போடுங்க, பல்ப் எரியற நேரத்துல 0.2 வோல்ட்டுக்குள்ள இருக்கணும், அரை வோல்ட், ஒரு வோல்ட்னு காட்டினா எர்த் கெட்டுப் போச்சு.

இந்த மாதிரி வண்டிகள்ல பாடி, சேஸ்ங்கற அடிச்சட்டத்து மேல ரப்பர் வெச்சுத்தான் உக்காந்திருக்கும், நடுவுல எர்த் பட்டை அறுந்து போச்சுன்னா பாடியில மாட்டின எந்த விளக்குக்கும் சரியா எர்த் கெடைக்காது, அதையும் பாத்துடுங்க. எர்த் வளையம் மாட்டியிருக்கற போல்ட்டக் கழட்டி, அடியில இருக்கற பெயிண்ட், துரு எல்லாத்தையும் உப்புத்தாள் போட்டு பளபளன்னு உலோகம் தெரியற வரைக்கும் தேய்ங்க, பல்லு வெச்ச வாஷர் போட்டு நல்லா இறுக்கிட்டு மேல வாசலின் தடவுங்க. நானா இருந்தா பின்பக்க லைட் ரெண்டுக்கும் ஹோல்டர்ல இருந்து சேஸுக்கு தனியா கருப்பு ஒயர் இழுத்துடுவேன், காட்டுல மேட்டுல ஓடற வண்டிக்கு அதுதான் நிம்மதி.

தண்ணி உள்ள வர்றதுக்கு லைட் கண்ணாடிக்கு அடியில தண்ணி புகாம அடைக்கற கேஸ்கெட் போயிருக்கலாம், கூடவே லைட்டோட அடியில ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதுல சேறு அடைச்சா உள்ள புகுந்த தண்ணி அங்கேயே தங்கிடும். குத்தி சுத்தம் பண்ணுங்க. சிலிக்கான் பூசறவங்க அந்த ஓட்டையையும் சேத்து மூடிடறாங்க, அது ரொம்பத் தப்பு.

இதெல்லாம் சரியா இருந்தும் எரியலைன்னா ஒயர். பின்னாடி போற ஒயர் சக்கரத்துப் பக்கமா சேஸ ஒட்டித்தான் போகும், அதிர்வுல உள்ள செம்பு மட்டும் அறுந்து மேல தோல் நல்லா இருக்கும். லேசா இழுத்துப் பாருங்க, ரப்பர் பேண்ட் மாதிரி நீண்டுச்சுன்னா அந்த எடத்துல செம்பு இல்லைன்னு அர்த்தம்.

கேள்வி: ஹசார்ட் போட்டா நாலும் அடிக்குது, ஆனா லெஃப்ட் ரைட் ரெண்டுமே வேலை செய்யல. பல்ப் எல்லாம் மாத்திடலாமா?

பதில்: வேணவே வேணாம். ஹசார்ட்ல நாலும் நல்லா அடிக்குதுன்னா பல்ப், எர்த், பின்னாடி வரைக்கும் போற ஒயர் எல்லாமே நல்லா இருக்கு, அதுல கை வைக்காதீங்க. ஹசார்டுக்கு கரண்ட் நேரா பேட்டரியில இருந்து வருது, இண்டிகேட்டருக்கு சாவி போட்டாத்தான் வரும், ரெண்டுக்கும் ஃபியூஸ் வேற வேற. முதல்ல இண்டிகேட்டர் ஃபியூஸ வெளிய எடுத்து ரெண்டு முனையையும் தேய்ச்சு மாட்டுங்க, பழைய கண்ணாடி ஃபியூஸ் பாக்க முழுசா இருக்கும் ஆனா முனையில களிம்பு புடிச்சு கரண்ட விடாது. அடுத்து பலரும் யோசிக்காத இடம் ஹசார்ட் சுவிட்ச், நெறைய பழைய வண்டிகள்ல இண்டிகேட்டர் கரண்ட் அது வழியாத்தான் போகும், வருஷக்கணக்கா அமுக்காம விட்டா ஆஃப் பக்கத்து காண்டாக்ட் செத்துப் போயிடும். திரும்பத் திரும்ப ஆன் ஆஃப் பண்ணிப் பாருங்க, நடுவுல ஒரு தடவ இண்டிகேட்டர் உயிர் வந்துச்சுன்னா கண்டுபிடிச்சாச்சு, காண்டாக்ட் கிளீனர் அடிங்க. அப்பவும் வரலையா, சில வண்டில இண்டிகேட்டருக்கு தனி ஃபிளாஷர், அதக் கழட்டிட்டு சாக்கெட்ல கரண்ட் வர்ற பின்னையும் சுவிட்சுக்குப் போற பின்னையும் ஒரு துண்டு ஒயரால இணைச்சு லெஃப்ட் போடுங்க, பல்ப் மினுக்காம நின்னு எரிஞ்சா ஃபிளாஷர் காலி, எரியலைன்னா சுவிட்சப் பிரிக்கணும்.

ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னு பெரிய ஃபியூஸோ கம்பியோ மட்டும் தயவுசெஞ்சு போடாதீங்க, எங்கயோ ஒயர் உரசி பாடியில தொடுது, அத தேடாம விட்டா ஒயரே பத்திக்கும்.

கேள்வி: நாலு பல்பையும் எல்இடி ஆக்கிட்டேன், வேகமா அடிச்சதால எல்இடிக்கான ஃபிளாஷரும் போட்டேன். இப்ப லெஃப்ட் போட்டா நாலும் சேந்து மினுக்குது!

பதில்: உங்க டேஷ்போர்டுல லெஃப்ட் ரைட் ரெண்டுக்கும் சேத்து ஒரே ஒரு பச்சை விளக்குதான இருக்கு? அதான் காரணம். அந்த விளக்கோட ஒரு முனை லெஃப்ட்லயும் இன்னொரு முனை ரைட்லயும் இருக்கும், லெஃப்ட் போடும்போது அது ரைட் பல்ப் வழியாத்தான் எர்த் ஆகும். பழைய பல்புக்கு அந்தக் கொஞ்சூண்டு கரண்ட் பத்தாது, எரியாது, ஆனா எல்இடிக்கு அதுவே போதும். அந்த விளக்கோட ரெண்டு ஒயரையும் கழட்டி, ஒவ்வொண்ணுலயும் ஒரு ஆம்பியர் டயோடு (கரண்ட ஒரே திசையில மட்டும் விடறது) ஒண்ணு போட்டு, கோடு இருக்கற முனை விளக்கப் பாத்த மாதிரி வெச்சு, ரெண்டையும் விளக்கோட ஒரே முனையில சேத்துடுங்க, இன்னொரு முனைய எர்த் பண்ணுங்க, தீந்துச்சு. வேகமா அடிக்காம இருக்க, பழைய பல்ப் மாதிரி கரண்ட இழுக்கற லோடு ரெசிஸ்டர் போடச் சொல்வாங்க, எனக்கு அது புடிக்காது, 6 ஓம் ரெசிஸ்டர் 12 வோல்ட்ல எரியற நேரமெல்லாம் 24 வாட்ஸ் சூட்ட வெளிய விடும், பிளாஸ்டிக் பக்கத்துல இருந்தா உருகிடும்.

கேள்வி: ரைட் இண்டிகேட்டர் போட்டுட்டு பிரேக் மிதிச்சா பின்னாடி இண்டிகேட்டர் மங்கிடுது, பார்க் லைட்டும் கூட மினுக்குது.

பதில்: அந்த டெயில் லைட்டோட எர்த் போயிருக்கு, திரும்பிப் போக வழி இல்லாத கரண்ட் பக்கத்து பல்போட இழை வழியாப் போகுது. முதல் பதில்ல சொன்ன மாதிரியே எர்த்த சுத்தம் பண்ணுங்க. பிரேக்கும் பார்க்கும் ஒரே பல்புல இருந்தா அதோட பக்கவாட்டு குச்சி ரெண்டும் ஒரே உயரத்துல இருக்காது, யாராவது திருப்பி அமுக்கி மாட்டியிருந்தாலும் இப்படிக் குழப்பும், அப்படி வளைஞ்சு போன ஹோல்டர்னா புதுசு போட்டுடுங்க.