அழுதால் அவிசுவாசமா?

கேள்வி:

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. தையல் கடை வைத்திருந்தவர். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறுகிறது. கீர்த்தனை போட்டால் குழந்தை மாதிரி அழுகிறார். நான் தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறேன். காலை நாலு மணிக்கு எழுந்து அவரைத் துடைத்து, துணி மாற்றி, கஞ்சி கொடுத்துவிட்டு ஓடுகிறேன். பிறந்ததிலிருந்து சபையில் வளர்ந்தவள். இப்போது முழங்காலில் நின்றால் 'ஏன்' என்பதைத் தவிர ஒரு வார்த்தை வருவதில்லை. ஜெபக்குழுவில் அழுதேன். "அழுகிறது அவிசுவாசம், ஸ்தோத்திரம் சொல்லு" என்றார்கள். ஓர் ஊழியர் வந்து, வீட்டில் மறைவான பாவம் இருக்கிறது, அறிக்கை பண்ணினால் டிசம்பருக்குள் எழுந்து நடப்பார், மாத்திரையையும் நிறுத்திவிடலாம் என்கிறார். புத்தாண்டு ஆராதனையில் கிடைத்த வாக்குத்தத்த அட்டை, எரேமியா 29:11, பிரிட்ஜ் கதவில் இருக்கிறது. அதைப் பார்த்தாலே கோபம் வருகிறது. சில ராத்திரி, இப்படியே தூங்கி விடியாமல் போனால் நல்லது என்று தோன்றுகிறது. பிளஸ் டூ படிக்கிற மகள், "இவ்வளவு ஜெபம் பண்ணியும் அப்பாவுக்கு ஏம்மா சரியாகலை?" என்று கேட்கிறாள். அவளுக்கு நான் என்ன சொல்ல?

- பெயர் வேண்டாம் என்ற வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் மாத்திரை. மற்றதெல்லாம் அப்புறம். எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள். ஒரு தடவை பக்கவாதம் வந்தவருக்கு இன்னொரு தடவை வருகிற ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். ரத்தக் கொதிப்புக்கும் ரத்தம் உறையாமல் இருப்பதற்கும் டாக்டர் எழுதிக் கொடுத்தது அதைத் தடுக்கத்தான். நிறுத்துவதோ குறைப்பதோ அவர் சொல்லி நடக்க வேண்டிய காரியம். பவுல் தன் கூடவே ஒரு வைத்தியரை வைத்திருந்தார், லூக்கா. தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொல்லித்தான் எழுதினார். உன் விசுவாசம் பத்தவில்லை என்று எழுதவில்லை.

பாட்டுக் கேட்டால் அழுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். மனசு உருகி அழலாம். ஆனால் பக்கவாதத்துக்குப் பிறகு, காரணம் சின்னதாக இருந்தாலும் அடக்க முடியாமல் அழுகையோ சிரிப்போ பொங்கி வருவது மூளையில் ஏற்பட்ட பாதிப்பாலும் நடக்கும். அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் இதையும் சொல்லுங்கள். மருந்து இருக்கிறது. ஒன்றரை வருஷமாக வீட்டில் முடங்கிக் கிடக்கும் மனுஷனுக்கு மனச்சோர்வும் இருக்கக்கூடும், அதையும் பார்க்கட்டும்.

இப்போது அந்த 'விடியாமல் போனால் நல்லது'.

இதை ஒரு தீர்க்கதரிசி உங்களுக்கு முன்னாலேயே சொல்லியிருக்கிறார். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைக் கண்ணால் பார்த்த எலியா, அடுத்த அதிகாரத்திலேயே வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறார். ஞாயிறு பள்ளியில் கர்மேலைத்தான் படம் போட்டுச் சொல்லித் தருவார்கள், சூரைச்செடிக்கு அவசரமாகப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். அங்கே கடவுள் செய்ததைப் பாருங்கள். அவிசுவாசி என்று திட்டவில்லை. ஸ்தோத்திரம் சொல்லச் சொல்லவில்லை. ஒரு தூதன் வந்து தட்டி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு மனுஷன் மறுபடியும் படுத்துத் தூங்கிவிடுகிறார். மறுபடியும் எழுப்பி மறுபடியும் சாப்பாடு. "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்கிறான். எலியாவை உட்கார வைத்துப் பேசுவதெல்லாம் அதற்கும் நாற்பது நாள் கழித்து, ஓரேப் மலையில்.

உங்கள் கடிதத்தில் அவருக்குக் கஞ்சி கொடுத்தது இருக்கிறது. நீங்கள் சாப்பிட்டது எந்த வரியிலும் இல்லை. நாலு மணிக்கு எழுந்தது இருக்கிறது, எத்தனை மணிக்குப் படுத்தீர்கள் என்பது இல்லை. தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் ஒன்றரை வருஷம் ஓடினால், கடவுள் தூரமாகப் போய்விட்டார் என்று யாருக்கும் தோன்றும். ஒரு நல்ல டாக்டரைப் பாருங்கள். அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. டெலிமானஸ் என்கிற அரசின் உதவி எண் 14416, இரவும் பகலும் இலவசமாகத் தமிழில் பேசலாம். அந்த எண்ணம் கொஞ்சமாவது வலுத்து, ஏதாவது செய்துகொள்ளலாமா என்கிற பக்கம் போனால், அன்று ராத்திரி தனியாக இருக்காதீர்கள். மகளைத் தவிர வேறு ஒரு பெரியவரைக் கூப்பிடுங்கள், அந்த எண்ணுக்கும் அடியுங்கள். விசுவாசிக்கு இந்த எண்ணம் வரலாமா என்று யோசித்துக்கொண்டு உட்கார வேண்டாம். வரும். எலியாவுக்கே வந்தது.

சரி, பிரிட்ஜ் கதவுக்கு வருவோம். உங்கள் கோபத்தில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்கிற அந்த வசனத்தை அட்டையில் பூப்படம் போட்டு அச்சடிக்கிறவர்கள், அதற்கு முந்திய வசனத்தை அச்சடிப்பதே இல்லை. அதில் 70 வருஷம் என்று இருக்கிறது.

அது ஒரு கடிதம். கி.மு. 597-இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பிடித்துக் கொண்டுபோன ஜனங்களுக்கு எரேமியா எழுதியது. அதற்கு முந்திய அதிகாரத்தில் அனனியா என்று ஒரு ஆள் வருகிறார். ஆலயத்தில் எல்லாருக்கும் முன்னால் நின்றுகொண்டு, இரண்டே வருஷம், போனவர்கள் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று கர்த்தர் பேரில் சொல்கிறார். எரேமியா கழுத்தில் மாட்டியிருந்த மர நுகத்தை எடுத்து உடைத்தும் காட்டுகிறார். கூட்டம் எப்படிக் கைதட்டியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்! எரேமியாவுக்கும் அது பலித்தால் சந்தோஷம்தான். "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றுதான் முதலில் சொல்கிறார். ஆனால் அது உண்மை இல்லை. ஜனங்களைப் பொய்யை நம்பும்படி செய்தாய் என்று பிறகு அனனியாவிடம் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறார்.

அப்புறம்தான் அந்தக் கடிதம். வீடு கட்டுங்கள், குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், அதில் காய்த்ததைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வையுங்கள், நீங்கள் இருக்கிற ஊர் நன்றாக இருக்க ஜெபம் பண்ணுங்கள். அதாவது நாளைக்கே திரும்பப் போகிறோம் என்று மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். கடிதத்தைப் படித்த பெரியவர்களில் முக்கால்வாசிப் பேர் திரும்பி வந்திருக்க மாட்டார்கள், பாபிலோனிலேயே கண்ணை மூடியிருப்பார்கள். அது அவர்களுக்கும் சேர்த்து எழுதின வாக்குத்தத்தம்தான். நீங்கள் அட்டையைக் கிழிக்க வேண்டாம், பிடிக்கவில்லை என்றால் எடுத்து உள்ளே வையுங்கள். ஒருநாள் 4-ஆம் வசனத்திலிருந்து 11 வரை மொத்தமாக வாசித்துப் பாருங்கள்.

'டிசம்பருக்குள்' என்கிற உங்கள் ஊழியர் அனனியாவின் சொந்தக்காரர். பக்கவாதத்தில் தேறுவது முதல் சில மாதங்களில் வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகும். மெதுவாகும் என்றுதான் சொன்னேன், நின்றுபோகும் என்று சொல்லவில்லை. பயிற்சி தொடர்ந்தால் வருஷம் கழித்தும் சின்னச் சின்ன முன்னேற்றம் வருகிறவர்கள் உண்டு. தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-இலிருந்து நடக்கிறது. அதில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி கொடுப்பார்கள், ரத்தக் கொதிப்பு மாத்திரையும் வீட்டுக்கு வரும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுங்கள். கடையைப் பூட்டி வைத்து வாடகை கட்டிக்கொண்டிருக்கிறீர்களா என்று எழுதவில்லை. அப்படியென்றால் டிசம்பரைப் பார்த்துக்கொண்டிராமல் இப்போதே ஒரு முடிவுக்கு வாருங்கள். மிஷினை விற்கத்தான் வேண்டும் என்றில்லை, தெரிந்தவருக்கு வாடகைக்குக் கொடுக்கலாம். அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டுச் செய்யுங்கள். கைதான் விழுந்திருக்கிறது, கடை அவருடையது. கிடைத்த இடத்தில் தோட்டம் போடுவது என்றால் உங்கள் வீட்டில் இதுதான்.

மறைவான பாவம் பற்றி நான் அதிகம் பேச விரும்பவில்லை, பேசினால் கோபம் வந்துவிடும். பிறவிக் குருடனைப் பார்த்து, இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டார்கள். இவன் செய்ததும் அல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்ததும் அல்ல என்று இயேசுவே பதில் சொல்லிவிட்டார். யோவான் 9. அதற்குமேல் தெரிந்த ஊழியர் யாரும் இல்லை. அவர் மறுபடி வந்தால் வாசலிலேயே பேசி அனுப்பிவிடுங்கள். இதற்குள் காணிக்கை என்று ஏதாவது கேட்டிருந்தால் உங்கள் சபைப் போதகரிடம் சொல்லுங்கள்.

அழுகைக்கு வருகிறேன். சங்கீதம் மொத்தம் 150. அதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று புலம்பல். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13-ஆம் சங்கீதம் நேரடியாகச் சண்டைக்கே போகிறது. அதுவாவது கடைசியில் பாட்டாக முடிகிறது. 88-ஐ எடுத்துப் பாருங்கள், ஆரம்பத்திலிருந்து முடிவு வரை இருட்டுதான், ஒரு அல்லேலூயா கிடையாது. அதையும் யாரும் வெட்டி எடுக்கவில்லை, வேதாகமத்தில் இருக்கிறது, ஆலயத்தில் பாடியும் இருக்கிறார்கள். சிலுவையில் இயேசுவின் வாயில் வந்ததும் 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரிதான், "ஏன் என்னைக் கைவிட்டீர்". முழங்காலில் நின்றால் உங்களுக்கு வருகிற அந்த ஒரே வார்த்தை அதில் இருக்கிறது. 'ஏன்' என்று நீங்கள் யாரிடம் கேட்கிறீர்கள்? சுவரிடம் இல்லையே. வேறு வார்த்தை வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், ஜெபம் நின்றதாக எனக்குத் தெரியவில்லை. நாலு மணிக்கு வெந்நீர் காயும் நேரத்தில் 88-ஐச் சத்தமாக வாசியுங்கள். முடிந்ததும் ஆமென் கூட வேண்டாம், அடுப்பை அணைத்துவிட்டுப் போங்கள்.

இன்னொன்று. உங்கள் மாவட்டத்திலேயே டோனாவூர் இருக்கிறது. அங்கே பிள்ளைகள் இல்லம் நடத்திய மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் ஒரு விபத்தில் விழுந்து அடிபட்டார். 1951-இல் இறக்கும்வரை, ஏறக்குறைய 20 வருஷம், பெரும்பாலும் தன் அறையிலேயே இருந்தார். அவருக்காக ஜெபிக்க ஆள் குறைவா? விசுவாசம் குறைவா? இரண்டும் இல்லை. சுகம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். படுக்கையிலிருந்தே புத்தகம் புத்தகமாக எழுதினார் என்று பிரசங்கத்தில் சொல்வார்கள், உண்மைதான். நீங்களும் அப்படிச் சாதிக்க வேண்டும் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. அந்த அறையைச் சுற்றி அவர் வளர்த்த பிள்ளைகள் நிறையப் பேர் இருந்தார்கள், கவனித்துக்கொண்டார்கள். பிரசங்கத்தில் விட்டுப்போகிற பகுதி அது. உங்கள் வீட்டில் அந்த வேலை முழுவதையும் ஒரே ஆள் பார்க்கிறது.

நாலு பேர் கூரையைப் பிரித்து இயேசுவின் முன்னால் இறக்கின திமிர்வாதக்காரன் கதை உங்களுக்கு இப்போது கசக்கும், அவன் எழுந்து நடந்துவிட்டான். இருந்தாலும் அதில் ஒரு வரி: இயேசு 'அவர்களுடைய' விசுவாசத்தைக் கண்டார் என்று இருக்கிறது. தூக்கிக்கொண்டு வந்த நாலு பேருடையது. படுக்கையில் கிடந்தவன் வாயைத் திறந்ததாகவே இல்லை. உங்களால் இப்போது நம்ப முடியவில்லையா, பரவாயில்லை, சபை கொஞ்ச நாள் உங்களுக்காக நம்பட்டும். அதோடு கொஞ்சம் தூக்கவும் வேண்டும். ஜெபிக்க வருகிறவர்களிடம் வேலை சொல்ல வெட்கப்படாதீர்கள். "அக்கா, ஜெபம் பண்ணிட்டு அப்படியே அவரை ஒருக்களிச்சுப் படுக்க வைக்க ஒரு கை பிடிங்க" என்று சொல்லுங்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் எழுதியே கொடுக்கலாம்: புதன் சாயங்காலம் ஒருவர் வந்து இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும், மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு ஆண்கள் இரண்டு பேர் துணைக்கு வேண்டும். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாயைத் திறக்காமல் கூடவே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பேச ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது. உங்கள் ஜெபக்குழுவிலும் பேசாமல் உட்காரத் தெரிந்த ஒருவராவது இருப்பார், அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றவர்களின் கூட்டத்துக்குக் கொஞ்ச நாள் போகாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

மகள் விஷயம். அவளுக்கு ஒரு விளக்கம் தயாரிக்க வேண்டாம். "எனக்கும் தெரியலைம்மா, நானும் அதையேதான் தினமும் கேட்கிறேன்" என்று சொல்லுங்கள். சகோதரன் லாசரு இறந்தபோது மார்த்தாளும் மரியாளும் ஆளுக்கொரு தடவை, "ஆண்டவரே, நீர் இங்கே இருந்தீரானால்" என்று இயேசுவின் முகத்துக்கு நேரே கேட்டார்கள், அவர் கோபிக்கவில்லை, கல்லறைக்குப் போகிற வழியில் அவரும் அழுதார் என்று யோவான் 11-ஐக் காட்டுங்கள். சர்ச்சுக்கு வரமாட்டேன் என்று அவள் கொஞ்ச நாள் அடம்பிடித்தால் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். அப்பாவுக்குத் தண்ணீர் கொடுப்பது, பேச்சுத் துணைக்கு உட்காருவது இதெல்லாம் அவள் செய்யட்டும். துடைப்பதும் துணி மாற்றுவதும் அவள் தலையில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவளுக்கும் சங்கடம், அவருக்கும் சங்கடம். மார்ச்சில் அவளுக்குப் பரீட்சை. அந்த ஒரு மாதம் வந்து தங்க உங்கள் கொழுந்தனாரையோ அண்ணனையோ இப்போதே கேட்டு வையுங்கள். பிப்ரவரியில் கேட்டால் லீவு கிடைக்கவில்லை என்பார்கள்.