வாசகர் கேள்வி: குழி வெட்டும் முன் கிணற்றுத் தண்ணீர்

கேள்வி: எங்கள் ஊர் ஏரிக்குத் தெற்கே இருக்கும் தரிசில், ஆலைகளின் அபாயகரமான கழிவைச் சுத்திகரித்துப் புதைக்கும் மையம் வரப்போகிறதாம். அடுத்த மாதம் கருத்துக் கேட்புக் கூட்டம். நான் வார்டு உறுப்பினர். "வேண்டாம்" என்று சொல்வதைத் தவிர வேறு என்ன பேசுவது என்று தெரியவில்லை. (ஊர் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கும் வாசகி)

பதில்: "வேண்டாம்" என்பதைத் தாராளமாகச் சொல்லுங்கள் அம்மா. ஆனால் அதோடு நிறுத்தினால், 'மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர்' என்று ஒரே வரியில் பதிவாகிவிடும். நான் 28 வருடம் இந்தக் குழிகளைக் கட்டுகிறவர்கள் பக்கம் நின்றவன். கோஷத்துக்கு எங்களில் யாரும் பயந்ததில்லை. அளக்கும் டேப்பை எடுத்துக்கொண்டு வந்த ஆட்களைப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்கும்.

அதனால் முதலில் அளந்து பாருங்கள். இப்படிப்பட்ட குழி ஏரி, குளத்திலிருந்து 200 மீட்டருக்குள் வரக்கூடாது. குடியிருப்பிலிருந்தும் குடிநீர்க் கிணற்றிலிருந்தும் 500 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதல். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சர்வேக்கு ஆள் வருவது பெரும்பாலும் கோடையில். அப்போது தண்ணீர் நிற்கும் இடத்திலிருந்து அளந்தால் எந்த ஏரியும் தூரமாகத்தான் தெரியும். ஏரி நிரம்பி கலங்கல் வழியும்போது தண்ணீர் எதுவரை நிற்குமோ, அங்கிருந்து அளக்கச் சொல்லுங்கள். அந்த இடம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும்.

அடுத்தது குழியின் அடிப்பாகம். ஒன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள கறுப்பு பிளாஸ்டிக் ஷீட், அதற்குக் கீழே இறுக்கிய களிமண் என்று அடுக்கடுக்காக விரிப்பு இருக்கும். 'இரட்டை விரிப்பு போடுகிறோம்' என்று கூட்டத்தில் பெருமையாகச் சொல்வார்கள். ஷீட் நல்ல சரக்குதான், பிரச்சினை தையலில். இரண்டு ஷீட்டுகளைச் சூட்டில் ஒட்டும்போது பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோடாக ஒட்டுவார்கள். நடுவில் சின்னதாக ஒரு காலி வாய்க்கால் விடுவார்கள். அதன் இரு முனையையும் அடைத்து, ஊசி வழியாகக் காற்றை ஏற்றி, மீட்டர் முள் இறங்குகிறதா என்று சில நிமிடம் பார்ப்பார்கள். பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்க்கிற கதைதான்.

ஒருமுறை ஒரு சைட்டில் (எங்கே என்று சொல்ல மாட்டேன்) மதிய வெயிலில் நின்றிருந்தேன். முள் இறங்கியது. "வெயிலுக்கு மீட்டர் அப்படித்தான் சார் காட்டும்" என்றார் மேஸ்திரி. திரும்ப ஏற்றினோம், திரும்ப இறங்கியது. கையால் தடவிக்கொண்டே போனால் தையலுக்குள் ஒரு மணல் பருக்கை. அன்று நான் அங்கே இல்லையென்றால் அது அப்படியே புதைந்திருக்கும். ஆகவே, தையல் சோதனையின் பதிவேட்டை ஊராட்சிக்கு நகல் கொடுப்பீர்களா என்று கேளுங்கள். கம்பெனியின் சம்பளம் வாங்காத ஒருவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் கேளுங்கள்.

மூன்றாவது விஷயத்துக்கு எந்தக் கூட்டமும் வேண்டாம், நாளைக்கே செய்யலாம். ஊரைச் சுற்றியுள்ள கிணறு, போர்வெல் ஏழெட்டில் தண்ணீர் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். மாவட்ட அளவில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்கள் இருக்கின்றன. கட்டணம் கட்டினால் செய்து தருவார்கள். ஈயம், காட்மியம், குரோமியம் போன்ற உலோகங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே வசதி இல்லையென்றால், அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகத்தில் கொடுங்கள். அந்த ரிப்போர்ட் கையில் இல்லையென்றால், பத்து வருடம் கழித்துத் தண்ணீர் கெட்டுப்போகும்போது "இது முன்பே இப்படித்தான் இருந்தது" என்பார்கள். இல்லை என்று நிரூபிக்க உங்களிடம் ஒரு காகிதமும் இருக்காது.

அப்புறம், கூட்டத்துக்கு 30 நாள் முன்னதாக அறிவிப்பு வந்திருக்க வேண்டும். மையத்தால் சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு என்று சொல்லும் அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். கூட்டம் முடிந்ததும் பேசியதன் பதிவை மேடையிலேயே வாசித்துக் காட்ட வேண்டும். அதுவரை யாரும் பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டாம்.

கேள்வி: இந்த மையமே வராமல் தடுத்துவிட்டால் நல்லதுதானே?

பதில்: மையம்தான் வராமல் போகும். கழிவு எங்கேயும் போகாது. ராணிப்பேட்டை சிப்காட்டில் 1990களில் மூடிய குரோமேட் ஆலையைப் பாருங்கள். இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு பல வருடம் வெட்டவெளியில் கிடந்தது. மழை பெய்தால் அங்கே ஓடும் தண்ணீர் எலுமிச்சை நிறத்தில் இருக்கும். அதற்கு அடியில் விரிப்பும் இல்லை, தையலும் இல்லை. அதனால் நான் மையம் வேண்டும் என்கிற கட்சி. இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் யாரோடும் சண்டைக்கு நிற்பேன்.

கேள்வி: புதைப்பதை விட எரித்துவிட்டால் தொல்லை தீர்ந்ததல்லவா?

பதில்: விஷவாயு கசிந்த போபால் ஆலையின் கழிவு 337 டன்னை 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்திலேயே உள்ள பித்தம்பூருக்குக் கொண்டுபோய், ஜூன் மாதத்துக்குள் எரித்து முடித்தார்கள். சுண்ணாம்பு முதலியவற்றைச் சேர்த்து எரித்ததால், மிஞ்சிய சாம்பலும் எச்சமும் 800 டன்னைத் தாண்டின. சரி, அதை எங்கே வைப்பது? அதற்கும் விரிப்பு போட்ட ஒரு குழிதான் வேண்டியிருந்தது.