வெட்டாத மாதத்துக்கும் கணக்கு உண்டு: குவாரி, சுரங்கம் கேள்வி-பதில்

பழனி மலையடிவாரத்தில் பட்டா நிலத்தில் 2 ஹெக்டேர் கல் குவாரி. ஆறு மாதமாகக் கல் உடைக்கவில்லை. அறிக்கை தர வேண்டுமா? (ஆயக்குடி)

கட்டாயம் தர வேண்டும். 5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012-லேயே சொல்லிவிட்டது. அந்த அனுமதியோடு ஒட்டி வருவதுதான், அதன் நிபந்தனைகளை நிறைவேற்றியதைச் சொல்லும் அரையாண்டு அறிக்கை. அக்டோபர் முதல் மார்ச் வரைக்கானதை ஜூன் 1-க்கும், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைக்கானதை டிசம்பர் 1-க்கும் கொடுக்க வேண்டும். கல் உடைக்கவில்லை என்றால் உற்பத்தி 'இல்லை' என்று எழுதுங்கள். வேலி, கன்று, எல்லை இடைவெளி பற்றிய நிபந்தனைகள் வேலை நின்றாலும் நிற்பதில்லை.

ஒவ்வொரு நிபந்தனைக்கும் நேரே 'நிறைவேற்றப்பட்டது' என்று ஒரே சொல்லை எழுதி அனுப்புகிறவர்கள்தான் நோட்டீஸ் வாங்குகிறார்கள். எத்தனை கன்று நட்டீர்கள், எத்தனை பிழைத்தன, பட்டா எல்லையில் 7.5 மீட்டர் விட்டிருக்கிறீர்களா என்பதை எண்ணோடு எழுதுங்கள். தேதியும் அட்சரேகை, தீர்க்கரேகையும் பதிந்த படங்களையும் சேருங்கள்.

குவாரி ஓடுகிற ஆண்டில் காற்றுச் சோதனையை நவம்பருக்குத் தள்ளாதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் தூசு அடங்கிவிடும். அப்போது எடுத்த எண் குவாரியின் நிலையைக் காட்டாது. அறிக்கைக் காலமும் செப்டம்பரோடு முடிந்துவிடுகிறது. மழைக்கு முன்பே, வறண்ட நாளில் எடுங்கள். 10 மைக்ரானுக்கு உட்பட்ட தூசுக்கு 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம்.

இன்னொன்றும் உண்டு. மார்ச்சில் முடிந்த நிதியாண்டுக்கான சுற்றுச்சூழல் அறிக்கை, அதாவது படிவம் 5, செப்டம்பர் 30-க்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போக வேண்டும். அதில் எழுதும் உற்பத்தியும், நடைச்சீட்டுப்படி (கல் ஏற்றிச் செல்லும் வண்டிக்கான அனுமதிச் சீட்டு) வெளியே போன கல்லும், கையில் உள்ள இருப்பும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வெள்ளைக்கல் (குவார்ட்ஸ்) குத்தகை வைத்திருக்கிறோம். மாதக் கணக்கு கேட்கிறார்களே, ஏன்? (ஒட்டன்சத்திரம்)

2025 பிப்ரவரியில் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா, பேரைட்ஸ் நான்கையும் ஒன்றிய அரசு, மாநில விதிகளுக்கு உட்பட்ட சிறுகனிமப் பட்டியலிலிருந்து எடுத்துப் பெருங்கனிமம் ஆக்கிவிட்டது. இனி இந்தியச் சுரங்கப் பணியகத்தில் பதிவு செய்து, ஒவ்வொரு மாதக் கணக்கையும் அடுத்த மாதம் 10-ம் தேதிக்கு முன் கொடுக்க வேண்டும். நிதியாண்டுக் கணக்கு ஜூலை 1-க்கு முன். மாறுவதற்குக் கொடுத்த அவகாசம் 2025 ஜூன் 30-ஓடு முடிந்துவிட்டது. இன்னும் பதியவில்லை என்றால் இன்றே தொடங்குங்கள்.

போன மாத இறுதி இருப்புதான் இந்த மாதத் தொடக்க இருப்பு. பன்னிரண்டு மாதக் கூட்டல்தான் ஆண்டுக் கணக்கு. கணக்கில் ஒரு டன் பொருந்தாவிட்டாலும் விளக்கம் கேட்பார்கள். வெட்டாத மாதத்துக்கும் பூஜ்யம் போட்டுக் கணக்குக் கொடுங்கள். ஆனால் பூஜ்யம் தொடர்ந்து இரண்டு ஆண்டு நீண்டால் குத்தகையே காலாவதியாகும். காலாவதியாகும் முன்பே காரணம் காட்டி மாநில அரசிடம் நீட்டிப்புக் கேட்க வேண்டும்.

தேவாலாவில் எங்கள் பட்டா நிலத்தில் தங்கம் இருக்கிறது. பதிவுக் கட்டணம் கட்டித் தோண்டலாமா? (பந்தலூர்)

முடியாது. பட்டா இருப்பது தோண்டுவதற்கு உரிமம் ஆகாது. தங்கச் சுரங்கக் குத்தகை 2015 முதல் ஏலத்தில்தான். குத்தகையில்லாமல் தோண்டினால் ஐந்து ஆண்டு வரை சிறை, ஹெக்டேருக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். 1880-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் விட்டுப்போன சுரங்கங்களுக்குள் தயவுசெய்து இறங்காதீர்கள். மழையில் ஊறிய மண் சொல்லாமல் சரியும்; உள்ளே காற்றும் கெட்டிருக்கும்.

அமெரிக்கக் குடிமகனான என் மகன் நெவாடாவில் நான்கு 'க்ளெய்ம்' (அரசு நிலத்தில் கனிமம் எடுக்கப் பதிந்த உரிமை) வைத்திருக்கிறான். ஆண்டுக் கட்டணத்துக்கு விலக்கு உண்டா? (கோத்தகிரி)

உண்டு. கட்டணம் ஒரு க்ளெய்முக்கு 200 டாலர். நாடு முழுவதும் சேர்த்துப் பத்துக்கு மேல் இல்லாதவர் செப்டம்பர் 1-க்குள் விலக்குப் படிவம் கொடுக்கலாம். பிறகு செப்டம்பரில் தொடங்கும் அந்த ஆண்டில் க்ளெய்முக்கு 100 டாலர் மதிப்புக்கு வேலை செய்து, ஆண்டு முடிந்தபின் வரும் டிசம்பர் 30-க்குள், தலா 15 டாலர் கட்டி, உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) பதிவாளரிடமும் பதிய வேண்டும். வேலைக்கான ரசீதுகளை உங்கள் மகன் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

டிசம்பர் 31 என்று நினைத்துவிட வேண்டாம். சட்டத்தில் இருப்பது '31-க்கு முன்'. 31-ம் தேதியே கொண்டுபோய்க் கொடுத்த ஒரு குடும்பத்தின் பத்து க்ளெய்ம்கள் பறிபோயின; 1985-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றமும் அரசு பக்கமே நின்றது. க்ளெய்ம்கள் புதிதாகப் பதிந்தவை என்றால் முதல் ஆண்டுக்கு இந்த விலக்கு கிடைக்காது. பணம் கட்டியே ஆக வேண்டும்.