விண்வெளியிலிருந்து வரும் நுண்ணலைகளின் தளவிளைவை எப்படி அளக்கிறார்கள்?

ஒளியும் நுண்ணலையும் மின்காந்த அலைகளே. அவற்றின் மின்புலம் எல்லாத் திசைகளிலும் தாறுமாறாக அதிராமல் ஒரு திசையில் மிகுந்து அதிர்ந்தால், அதைத் தளவிளைவு என்கிறோம். நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி பெரும்பாலும் கிடைமட்டமாக அதிர்வதால்தான், தளவிளைவுக் குளிர்கண்ணாடி அணிந்து தலையைச் சாய்த்தால் அந்தக் கூச்சம் கூடியும் குறைந்தும் தெரிகிறது.

வானெங்கும் நிறைந்துள்ள பின்னணி நுண்ணலைக் கதிர்வீச்சு, பெருவெடிப்புக்கு ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகளுக்குப் பின் புறப்பட்டது. அப்போது கட்டற்று அலைந்த எலக்ட்ரான்கள்மீது ஒரு பக்கத்திலிருந்து சற்றுச் சூடான ஒளியும், அதற்குச் செங்குத்தான பக்கத்திலிருந்து சற்றுக் குளிர்ந்த ஒளியும் விழுந்தன. அந்த ஏற்றத்தாழ்வே சிதறிய ஒளியில் தளவிளைவாகப் பதிந்தது. எல்லாப் பக்கமும் ஒரே வெப்பமாக இருந்திருந்தால் இன்று அளப்பதற்கு எதுவும் இருந்திருக்காது.

அளப்பதற்கு, ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்த இரு அலைவாங்கிகளை வானின் ஒரே புள்ளியை நோக்கித் திருப்பி, அவை பெறும் ஆற்றல்களின் வேறுபாட்டைக் கணக்கிடுகிறார்கள். கதிர்வீச்சின் வெப்பநிலை 2.725 கெல்வின், தளவிளைவோ சில மைக்ரோகெல்வின் (கெல்வினின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) மட்டுமே. எனவே உணரிகளைத் தனிச்சுழி வெப்பநிலைக்கு (இயற்கையில் இருக்கக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலை) மிக அருகில் குளிர்விப்பதோடு, கருவியைச் சுழற்றியும் மீண்டும் அளக்கிறார்கள். சுழற்றும்போது வானத்தின் குறிப்பலை மாறும், கருவியின் சொந்தப் பிழை மாறாது என்பது மிக அழகான உத்தி. தென்துருவத்தில் இயங்கிய டாசி என்ற கருவி 2002இல் இத்தளவிளைவை முதன்முதலில் கண்டறிந்தது.

வானிலிருந்து வரும் தளவிளைவு முழுவதும் ஆதிப் பிரபஞ்சத்தின் தடயம் எனப் பலர் கருதுகிறார்கள். ஆனால் அது சரியன்று; நம் விண்மீன் மண்டலத்தின் தூசும் தளவிளைவுற்ற நுண்ணலைகளை வெளியிடுகிறது என்பதால், 2014இல் ஆதிப் பிரபஞ்சத்தில் எழுந்த ஈர்ப்பலைகளின் (கால-வெளியில் பரவும் அதிர்வுகள்) சுவடு என அறிவிக்கப்பட்ட, பைசெப்-2 என்ற தென்துருவத் தொலைநோக்கியின் முடிவை 2015இல் பிளாங்க் செயற்கைக்கோளின் தரவோடு சேர்த்து ஆராய்ந்தபோது, அதற்குத் தூசே பெரும் காரணம் எனத் தெரியவந்தது.