தோட்டத் திடலில் புதைந்த மோட்டர்ஹோமை வெளியே எடுப்பது எப்படி?

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத் திடலில் நிறுத்திய மோட்டர்ஹோம் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி) இரவு மழையில் புதைந்துவிட்டது, எண்ணெயை (ஆக்சிலரேட்டரை) அழுத்தினால் முன்சக்கரம் சுற்றுகிறதே தவிர வண்டி நகரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் எண்ணெயை அழுத்துவதை நிறுத்துங்கள். சக்கரம் சுற்றச் சுற்றக் குழி ஆழமாகி, வண்டியின் அடிப்பாகம் மண்ணில் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் ஆள் பலத்தால் ஆகாது.

எல்லாரையும் இறக்கிவிட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்யுங்கள். 100 லிட்டர் போனால் 100 கிலோ குறையும், ஆனால் சக்கரத்துக்குப் பக்கத்தில் கொட்டாமல் வாளியில் பிடித்துத் தள்ளி ஊற்றுங்கள்.

முன்னால் போகப் பார்க்காதீர்கள், வந்த தடத்திலேயே பின்னால் எடுப்பதுதான் பெரும்பாலும் சுலபம், ஏனென்றால் அந்த மண் ஏற்கெனவே அழுந்தியிருக்கும். மண்வெட்டியால் முன்சக்கரங்களுக்குப் பின்னால் சரிவாக வெட்டி, பலகையை டயருக்கு அடியில் நன்றாக நுழைத்துவிடுங்கள். பலகை இல்லையா, செம்பனை மட்டை போதும், ஆனால் அடிமட்டையில் இருக்கும் முள்ளைச் சீவிவிடுங்கள், டயரைக் குத்திவிடும். டயர் காற்றையும் கொஞ்சம் இறக்கலாம், சாலைக்கு ஏறும் முன் மறுபடி அடித்துவிட வேண்டும். பிறகு ரிவர்ஸ் போட்டு, மெதுவாக, நிறுத்தாமல்.

அதற்கும் வரவில்லை என்றால் தோட்டத்து டிராக்டரைக் கேளுங்கள். கயிற்றை பம்பரில் கட்டவே கூடாது, இழுவைக் கொக்கியில் மட்டும்தான். இழுக்கும்போது கயிற்றுக்குப் பக்கத்தில் யாரும் நிற்க வேண்டாம், குறிப்பாகப் பிள்ளைகள். அறுந்தால் ஆளையே அடித்துவிடும்.