நோட்டில் மூன்றாவது வரி எழுத வரவில்லை என்றால்

அம்மா, நீங்கள் நன்றி கெட்டவர் இல்லை. மகளைக் கட்டிக்கொடுத்து, பேரனையும் பார்த்து, சொந்த வீட்டில் இருந்தும் ‘சந்தோஷப்படத் தெரியாத ஜென்மமா நான்’ என்று அம்பாசமுத்திரத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். ஆறு பக்கக் கடிதத்தில் எனக்குக் கேள்வியாகப் பட்டது அது ஒன்றுதான். முடி கொட்டுவது, சாவியை வைத்த இடம் மறப்பது, மூளை நரம்பு சுருங்குகிறது என்று யூடியூபில் பார்த்தது எதற்கும் பயப்பட வேண்டாம். சரியாகத் தூங்காத யாருக்கும் ஞாபகம் பிசகும்.

நீங்கள் அனுப்பிய நோட்டுப் பக்கத்தைத்தான் வெகுநேரம் பார்த்தேன். ‘1. குழாயில் தண்ணீர் வந்தது. 2. பேரன் போனில் சிரித்தான். 3.’ அதோடு நிற்கிறது. மறுநாளும் மூன்று என்று போட்டு வெறுமையாக விட்டிருக்கிறீர்கள். தினமும் நல்லதாக நடந்த மூன்றை எழுதச் சொல்லி வீடியோவில் சொன்னதை நம்பி 40 நாளாக ராத்திரிதோறும் உங்களுக்கே பரீட்சை வைத்து, நீங்களே ஃபெயில் போட்டுக்கொள்கிறீர்கள்.

பயிற்சி பொய்யில்லை. 1998இல் அமெரிக்க உளவியல் சங்கத் தலைவராக இருந்த மார்ட்டின் செலிக்மன், மனநோயை மட்டும் ஆராய்ந்தால் போதாது, மனிதர் நிறைவாக வாழ்வது எதனால் என்றும் பார்க்க வேண்டும் என்று முன்னெடுத்ததுதான் நேர்மறை உளவியல். 2005இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், தினமும் நல்லதாக நடந்த மூன்றையும் அவை ஏன் நடந்தன என்பதையும் ஒரே ஒரு வாரம் எழுதியவர்களுக்கு ஆறு மாதம் வரை பலன் தெரிந்தது. உங்கள் வீடியோக்காரர் அந்த ‘ஏன்’ என்பதை விட்டுவிட்டார், மனச்சோர்வு நோய்க்கு இது மருந்தாகாது என்பதையும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை தவறாமல் தாமிரபரணியில் முங்கிக் குளித்தவர், இரண்டு மாதமாகப் படித்துறைப் பக்கமே போகவில்லை. சொதி வைத்தால் ருசி தெரியவில்லை, விடியக்காலம் மூன்று மணிக்கே முழிப்பு. பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் ‘நான் இல்லாவிட்டாலும் இந்த வீடு நடக்கும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிக்காகத்தான் மற்றக் கடிதங்களை ஒதுக்கிவைத்து இதை எழுதுகிறேன்.

நேராகவே கேட்கிறேன், செத்துப்போகலாம் என்ற நினைப்பு வருகிறதா? வருகிறது என்றால் இப்போதே வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள். 14416க்குப் போன் போடுங்கள், அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது, எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. வயலுக்கு வாங்கிவைத்த பூச்சிமருந்தை அவர் வீட்டைவிட்டு அப்புறப்படுத்தட்டும்.

அந்த நினைப்பு வரவில்லை என்றாலும் இந்த வாரமே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போங்கள். தைராய்டு, ரத்தசோகை இரண்டும் இதே சோர்வைக் காட்டும், அதற்கும் ரத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும், அது தூக்க மாத்திரை இல்லை.

தூக்க மாத்திரை என்றதும் எனக்குக் கோபம்தான் வருகிறது. பக்கத்து வீட்டம்மாவின் சீட்டைக் காட்டி அல்பிரஸோலம் வாங்கி மூன்று வாரமாகப் போடலாமா? அதற்காகச் சட்டென்று நிறுத்தியும் விடாதீர்கள், படபடப்பு கூடும், வலிப்புகூட வரலாம். டாக்டர் சொல்லும்வரை கூட்டவும் வேண்டாம், அட்டை வீட்டுக்காரர் கையில் இருக்கட்டும்.

அதுவரை நோட்டில் எதுவும் எழுத வேண்டாம். போகும்போது மாத்திரை அட்டையோடு அதையும் கொண்டுபோய், வெறுமையாக விட்ட அந்த மூன்றாவது வரியை டாக்டரிடம் காட்டுங்கள்.